பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டியது

ராத்திரி எப்போது எடுத்துப் பார்த்தாலும் வாட்ஸ்அப்பில் 'ஆன்லைன்' என்று காட்டிக்கொண்டிருக்கிற என் வயசுக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தூக்கம் வராதவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கட்சி ஆரம்பித்தால் நம் பக்கத்தில் நிச்சயம் ஜெயிப்போம். ஓட்டுப் போட விடியும்வரை வரிசையில் நிற்கச் சொன்னாலும் நிற்போம்.

போன வாரம் நம்மில் ஒருத்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வெள்ளைப் புடவை கட்டிய ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "உங்களுக்குத் தீங்கு செஞ்சவங்கள ஒவ்வொருத்தரா மனசுல கொண்டுவந்து மன்னிச்சிடுங்க, தூக்கம் தானா வரும்" என்கிறார். சரி, காசா பணமா என்று நானும் கண்ணை மூடினேன். முதல் ஆளாகப் பெரியப்பா வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டிக்கொண்டு. மன்னித்துவிடலாமா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்த கொஞ்சத் தூக்கமும் போய்விட்டது.

சில பேருக்கு மன்னித்தால் தூக்கம் வரும். எனக்குப் பழி தீர்த்தால்தான் வரும். என் உடம்பு வாகு அப்படி.

என் அப்பாவுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா லீவு போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். என்னை ஆம்பூரில் பெரியப்பா வீட்டில் விட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க நான் அங்கேதான். தெருமுனைப் பள்ளிக்கூடத்திலேயே என்னைச் சேர்த்தார்கள்.

என் தகரப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே அம்மாவின் புத்தகம் இருந்தது. புத்தகம் என்றால் கடையில் வாங்கியது இல்லை. ரயிலில் வருகிறவர்கள் படித்துவிட்டு சீட்டில் போட்டுவிட்டுப் போகிற வாரப் பத்திரிகைகளை அப்பா பொறுக்கிக்கொண்டு வருவார். அதில் வந்த ஒரு தொடர்கதையை மட்டும் அம்மா கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் தாளால் அட்டை போட்டிருந்தாள். எந்த வாரம் யாரும் பத்திரிகையை விட்டுவிட்டுப் போகவில்லையோ, அந்த வாரத்து அத்தியாயம் இருக்காது. அந்த இடத்தில் அம்மா ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தைத்திருப்பாள். வெள்ளைத் தாள் வந்தால், "இப்ப நீ சொல்லு, இன்னா நடந்திருக்கும்?" என்பாள். அப்பாவுக்கு நைட் டூட்டி உள்ள நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் படுப்பதற்கு முன் ஒரு அத்தியாயம் படிப்போம். கதை, திருட்டுப் பட்டம் கட்டி பங்களாவிலிருந்து விரட்டப்பட்ட ஒரு சமையல்காரி, உண்மையான திருடனைத் தேடி மலை மலையாக அலைவதைப் பற்றியது. அத்தியாயம் முடிவதற்குள் என் தலை அம்மாவின் தொடையில் சாய்ந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரே தூக்க மாத்திரை அதுதான்.

பெரியப்பா ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து முடித்து வருகிற ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மூக்குப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி, பாஸா ரிஜெக்டா என்று சொல்கிற வேலை. சொன்னால் சொன்னதுதான். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கட்டைவிரல் சும்மா இருக்காது. தோசையை அழுத்துவார். கொய்யாப்பழத்தை அழுத்துவார். நான் போய் இறங்கிய அன்று என் கன்னத்தை அழுத்திப் பார்த்து, "சதையே இல்ல, ரிஜெக்ட் பீஸ்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

கம்பெனி ரிஜெக்ட் என்று ஒதுக்கிய ஷூக்களைக் குறைந்த விலைக்கு எடுத்துவந்து, பிரிந்த விளிம்பை ஒட்டி, பாலிஷ் போட்டு, பெங்களூர் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்புவதைப் பெரியப்பா தனியாகச் செய்துவந்தார். வாசல் பக்கத்து அறை முழுக்க அதுதான். ஒட்டுவதற்கு ஒரு பசை உண்டு. 'சொல்யூஷன்' என்போம். பெட்ரோலும் பழுத்த வாழைப்பழமும் கலந்த மாதிரி ஒரு வாடை. தூசி பட்டால் ஒட்டாது என்று அந்த அறை ஜன்னலைத் திறக்கவே மாட்டார். எனக்குப் படுக்கை அந்த அறையில்தான். வடக்கே தலை வைக்கக் கூடாது அல்லவா? மற்ற பக்கமெல்லாம் பெட்டி அடுக்கு. அதனால் கிழக்கே தலை வைத்துப் படுத்தேன். கிழக்குச் சுவரோரம் சொல்யூஷன் டப்பாக்கள் வரிசையாக இருந்தன.

வாடை அடிக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. தோல் ஊறுகிற ஊரில் மூக்கு என்பது மூக்குத்தி போடத்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கைக்குட்டையை எடுத்தால் நம் ஆட்கள் "இன்னா, சளியா?" என்று கேட்பார்கள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நெற்றிப் பொட்டில் வலி, நெஞ்சு படபடவென்று அடிக்கும். எழுந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் நிலைப்படிக்கு வந்துவிடுவேன். உள்ளேயிருந்து கூடத்து விளக்கின் வெளிச்சம், வெளியிலிருந்து மழைக்காற்று. சமையல்காரி ஒரு மலையில் ஏறி இறங்குவதற்குள் அங்கேயே சுருண்டு தூங்கிவிடுவேன். படிப்பினாலா, காற்றினாலா என்று கேட்டால் இரண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நிலைப்படியில் தலை வைத்துத் தூங்கினால் வீட்டுக்கு ஆகாது. பெரியப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி டப்பாக்களுக்குப் பக்கத்தில் போடுவார். நான் மறுபடி விழித்துக்கொள்வேன்.

"இன்னாடி இது, பேய் மாதிரி முழிச்சினு கெடக்குற?"

"தூக்கம் வரல பெரியப்பா. கொஞ்சம் படிச்சா வந்துடும்."

"படிச்சா எப்பிடி வரும்? படிக்கிறதாலதான் வரல. மூளை சூடாவுது."

எதிர்வீட்டு காலா மட்டும் என் பக்கம் பேசினார். காலா என்றால் உருதுவில் சித்தி மாதிரி. அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் காலாதான். "தூக்கம் என் மருமகன் மாதிரிண்ணே. வா வான்னா முறுக்கிப்பான். கண்டுக்காம ஒரு வேலைல இருந்தா அவனே வந்து வாசல்ல நிப்பான். பச்சப்புள்ள படிக்கட்டும், வுடுங்க" என்றார்.

"உன் மருமகன் கதைய உன் வீட்டோட வெச்சுக்கம்மா" என்றார் பெரியப்பா. புத்தகத்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டார்.

பிறகு வைத்தியம் ஆரம்பித்தது. கெட்ட கனவு வராமல் இருக்கத் தலையணைக்குக் கீழே செருப்பு வைப்பது நம் பக்கத்து வழக்கம். உங்களில் பாதிப் பேருக்கு வைத்திருப்பார்கள். எனக்கு முதலில் பெரியம்மாவின் பழைய செருப்பை வைத்தார்கள். பலிக்கவில்லை. "பழசுக்குப் பவர் பத்தாது" என்று சொல்லி, பெரியப்பா அடுக்கிலிருந்து அன்றைக்குத்தான் சொல்யூஷன் தடவி ஒட்டிய ஒரு லேடீஸ் ஷூவைக் கொண்டுவந்து என் தலையணைக்குக் கீழே சொருகினார். எக்ஸ்போர்ட் குவாலிட்டி வைத்தியம்! காதுக்குக் கீழேயே அந்த வாடை. அன்றைக்குக் கண்ணை மூடினால் அறையே ராட்டினமாகச் சுற்றியது.

அதைக் கேள்விப்பட்ட காலா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "புக்க எடுத்துட்டு புள்ள தலைமாட்டுல ஷூவா? தோபா தோபா!"

மறுநாள் ராத்திரியும் அந்த ஷூ தலையை உறுத்தியதால் இழுத்து எடுத்தேன். மூக்குப் பகுதியில் காகிதம் அடைத்திருந்தது. ஷூ அமுங்காமல் இருக்க அப்படி அடைப்பார்கள். கைக்கு வேலை வேண்டுமே என்று அதை உருவிப் பிரித்தேன். கசங்கிய தாளில் சமையல்காரி நின்றிருந்தாள். கையில் அரிக்கேன் விளக்கு, பின்னால் மலை. ஓரத்தில் அம்மாவின் கோணி ஊசி போட்ட ஓட்டைகள் வரிசையாக இருந்தன.

அடுத்த பெட்டியைத் திறந்தேன். அதற்கடுத்த பெட்டியையும் திறந்தேன். எல்லா ஷூவின் மூக்கிலும் அம்மாவின் புத்தகம்.

காலையில் கேட்டேன். அழுதுகொண்டெல்லாம் கேட்கவில்லை, சும்மா கேட்டேன். பெரியப்பா பல் துலக்கிக்கொண்டே சொன்னார்: "மழைல பழைய பேப்பர்காரன் வரல. பரண்மேல அதான் கெடந்துச்சு. பழைய பேப்பர்தானே? இன்னாமோ கம்பராமாயணத்த கிழிச்ச மாதிரி கேக்குற."

பெரியம்மா அடுப்படியிலிருந்து, "ஏங்க, அது அவ அம்மா தெச்சது" என்றார்.

"அம்மா திரும்பி வந்தா வேற தெச்சுத் தருவா."

வந்தால் என்று சொன்னார். அந்த வார்த்தை என் காதில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வந்தால் என்கிற சந்தேகம் எனக்கு அதுவரை இல்லை.

அந்த வாரமே பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் ஆள் அனுப்பினார். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறது, வீட்டில் என்ன விஷயம் என்று. நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். பெரியப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. "பாத்தியா? படிப்பு எதிர்ல இருந்தா தூங்குறா, வீட்டுக்கு வந்தா முழிச்சினு இருக்கா. அவ உடம்புக்குப் படிப்பு ஒத்துக்கல" என்றார். கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்பது போலச் சொன்னார். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. காலை மணி அடிக்கும். பிள்ளைகள் ஓடுகிற சத்தம் ஜன்னல் கதவு வழியாகக் கேட்கும். நான் மூடிய அறைக்குள் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு விளிம்பு விளிம்பாகச் சொல்யூஷன் தடவிக்கொண்டிருப்பேன்.

தடவுவது மட்டுமில்லை. காகிதம் கசக்கி மூக்கில் அடைக்கிற வேலையையும் பெரியப்பா எனக்கே கொடுத்தார்.

வயசுக்காரர்களே, இந்த வேலை தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். மெத்தென்ற தோலில் செய்த லேடீஸ் ஷூவை மூக்கில் ஒன்றும் அடைக்காமல் ஈரமான நாளில் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கினால் என்ன ஆகும்? அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காகிதத்தை உருவிவிட்டுத் திரும்பத் தலையணைக்குக் கீழே சொருகிய அந்த ஒரு ஷூ, காலையில் பார்த்தபோது என் தலையின் பாரத்தில் நசுங்கிக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டேன்.

எல்லாப் பெட்டியிலிருந்தும் உருவினேன். ஒவ்வொரு தாளாக மடியில் வைத்து நீவி, பாயின் அடியில் பரப்பி, மேலே படுத்துக்கொண்டேன். எந்த ஷூவிலும் எதையும் திரும்ப அடைக்கவில்லை. மூடியைப் போட்டு, சணல் கட்டி, முடிச்சை இழுத்து இறுக்கினேன். முடிச்சு போடும்போது சமையல்காரியை நினைத்துக்கொண்டேன். மூட்டைகள் மழையிலேயே லாரி ஏறின. போகட்டும் என்று வாசலில் நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வழியனுப்பி வைத்ததில்லை.

சரக்கோடு பெங்களூர்க்காரர் நேரில் வந்தார். வீட்டுக்குள்ளே கூட வரவில்லை. தெருவிலேயே பெட்டிகளைப் பிரித்துக் குவியல் குவியலாகக் கொட்டினார்.

"இன்னா செக்கர் சார், ஷூ கேட்டா சப்பாத்தி அனுப்பிக்கிறீங்க?"

பெரியப்பா ஒன்றை எடுத்து மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான்.

"நான் பாத்துதான் அனுப்புனேன்..."

"நீங்க பாத்தா இந்த லட்சணம்னா கம்பெனில இன்னா பாக்குறீங்களோ! மொதல்ல உங்களதான் ரிஜெக்ட் பண்ணணும்."

தெரு முழுக்க நின்று பார்த்தது. காலா முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தார். பெரியப்பா லாரிக்காரனைத் திட்டினார், மழையைத் திட்டினார், தோல் ஊறப்போட்ட முகம் தெரியாத ஆளைத் திட்டினார். அந்தப் பக்கம் நின்ற என்னை மட்டும் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. ரிஜெக்ட் பீஸால் இவ்வளவு முடியும் என்று யார் நினைப்பார்கள்?

அதோடு அந்த வியாபாரம் நின்றது. பெட்டிகள் போயின. சொல்யூஷன் டப்பாக்களை யாருக்கோ கொடுத்துவிட்டார். பெரியம்மா அறையைக் கழுவி ஜன்னலைத் திறந்து வைத்தார்.

அன்றைக்கு நான் தூங்கினேன். மறுநாளும் தூங்கினேன். எழுப்பினால்தான் எழுந்தேன்.

இங்கேதான் என் பழி என்மேலேயே திரும்பியது. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜோலார்பேட்டைக்குப் போகிற வழியில் என்னை அழைத்துப் போக வந்தார். அம்மா பாதியாக இளைத்திருந்தாள், ஆனால் வந்துவிட்டாள். பெரியப்பா என்னை முன்னால் நிறுத்தி, என் கன்னத்தை அழுத்திக் காட்டினார். "பாரு, சதை புடிச்சிக்குது. படிப்ப நிறுத்துனேன், அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறா. இனிமே இவளுக்குப் பள்ளிக்கூடம் வேணாம். நான் சொல்றேன்." அண்ணன் சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. அம்மாவுக்கும் வீட்டு வேலைக்கு ஒரு கை தேவைப்பட்டது. அம்மா என் தலையைத் தடவினாள். நான் என்ன சொல்வேன்? எனக்கே அது உண்மை போலத்தான் தெரிந்தது. படிப்பு நின்றது, தூக்கம் வந்தது. கண்ணெதிரே நடந்ததல்லவா?

நாலாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பொட்டலம் கட்டிய தாள், டீக்கடைப் பேப்பர், ஷூ மூக்கில் அடைக்க வந்த காகிதம். அடைப்பதற்கு முன் படித்துவிட்டு அடைப்பேன். லைன் சூப்பர்வைசர், "இது ஃபேக்டரியா லைப்ரரியா?" என்று கத்துவார்.

ஆமாம், நானும் ஷூ கம்பெனிக்குத்தான் போனேன். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒருநாள் பாதுகாப்பு வகுப்பு என்று எங்களை உட்காரவைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் சொல்யூஷன் டப்பாவைத் தூக்கிக் காட்டிப் பேசியது. "இத மூடின ரூம்ல வெச்சு சுவாசிச்சா தலைவலி வரும், நெஞ்சு படபடக்கும், சில பேருக்குத் தூக்கமே வராது. ஃபேன் போடுங்க, ஜன்னல தொறந்து வைங்க."

அந்தப் பெண் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நான் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். அவ்வளவுதானா? ஒரு ஜன்னல் கதவு விஷயத்துக்கா என் பள்ளிக்கூடம் போனது? பக்கத்தில் இருந்தவள், "இன்னாக்கா, மூஞ்சி செவந்துபோச்சு?" என்றாள். அதுவரை எனக்குப் பெரியப்பாமேல் இருந்தது கிழிந்த புத்தகத்தின் கோபம். அன்றைக்குத்தான் அது வயசுக்கு வந்தது.

கேட்டிருக்கலாம். கல்யாணத்தில், கருமாதியில், பொங்கல் சீர் கொண்டுபோனபோது, எத்தனையோ தடவை எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பிள்ளைகளின் கன்னத்தை அழுத்தினார். நான் காபி கொடுத்தேன். கோபத்தை ஆறவிடக் கூடாது, அதே நேரம் பொங்கியும் போகக் கூடாது. நான் சிம்மில் வைத்திருந்தேன்.

அந்த வீடியோ வந்த மறுநாள் அவர் மகன், என் அண்ணன், போன் செய்தான். பெரியம்மா போய்ச் சேர்ந்த பிறகு பெரியப்பா அவனோடுதான் இருக்கிறார். வயது தொண்ணூறைத் தொடுகிறது. காது கூர்மை, கண்தான் போய்விட்டது. "அப்பா தூங்கறதே இல்லம்மா. எங்களயும் தூங்க வுடறதில்ல. டாக்டர் மாத்திரைய ஏத்த முடியாதுன்னுட்டாரு. யாராச்சும் படுக்கறதுக்கு முன்ன எதனா வாசிச்சுக் காட்டுங்கன்றாரு. எங்களுக்கு எங்க நேரம்? நீதான் எப்பப் பாத்தாலும் புக்கும் கையுமா இருப்பியே."

வர்றேன் என்றேன். போவதற்குமுன் உட்கார்ந்து இதுவரை நீங்கள் படித்த எல்லாவற்றையும் எழுதினேன். பெரியப்பாவுக்குப் புரிகிற மாதிரி, பெரிய வார்த்தை போடாமல் எழுதினேன்.

சாப்பாடு முடிந்து அவரைப் படுக்கவைத்த பிறகு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா கதைம்மா?" என்றார்.

"ஒரு பொண்ணு கதை பெரியப்பா. கேளுங்க."

வாசித்தேன். கட்டைவிரல் இடம் வந்தபோது, "ஆமாமா, நான் செக்கரா இருந்தவன்தானே" என்று சிரித்தார். காலா பேர் வந்ததும், "பாவம், நல்ல பொம்பள" என்றார். தலையணைக்கு அடியில் ஷூ வைத்த இடத்தில் சிரிப்பு நின்றது. புத்தகம் கிழிந்த இடத்தில், "அப்பிடியா பண்ணேன்?" என்று கேட்டார். நான் குரலைக் கொஞ்சம் தூக்கினேன். பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நல்லது, உறைக்கிறது என்று நினைத்தேன். மூக்கில் காகிதம் அடைக்கிற வேலையை என்னிடம் கொடுத்த இடத்துக்கு வந்தேன். இத்தனை வருஷம் அவருக்குத் தெரியாத இடம் அதற்கு அடுத்ததுதான். பெங்களூர்க்காரர் முன்னால் அவர் மானத்தை வாங்கியது மழையில்லை, லாரியில்லை, நான்தான் என்கிற இடம். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

வாய் பிளந்திருந்தது. மெல்லிய குறட்டை. பெரியப்பா தூங்கிவிட்டார்.

அண்ணன் கதவோரம் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "தூங்கிட்டாரா! எத்தினி நாளாச்சு தெரியுமா? மாத்திரைக்கே அசையாத மனுஷன், நீ வாசிச்சதுல தூங்கிட்டாரே! மெதுவா எழுந்து வா, ஃபேன் சத்தங்கூட வேணாம்."

படிச்சா எப்படித் தூக்கம் வரும் என்று கேட்ட மனிதர் படிக்கப் படிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதுதான் சரி என்று அவர் உடம்பே ஒத்துக்கொண்டுவிட்டது. இதைவிட ஒரு தீர்ப்பு எனக்கு எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. எழுந்து வந்திருக்கலாம். வெள்ளைப் புடவை அம்மாவாக இருந்தால் போர்வையை இழுத்துவிட்டு வந்திருப்பார்.

நான் அவர் தோளைத் தட்டினேன்.

"ஏய், இன்னா பண்ற?" என்று அண்ணன் பதறினான். நான் இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.

பெரியப்பா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "இன்னா, முடிஞ்சிடுச்சா?"

"இல்ல பெரியப்பா. நடுவுல தூங்கிட்டீங்க. மொதல்லருந்து வர்றேன்."